எட்டு அடுக்கு மண்ணும் ஒரு கேன் மழையும்

எங்கள் வீட்டில் மழையைத் திட்டுவதும் உண்டு, கும்பிடுவதும் உண்டு. அப்பா மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. பாத்தியில் உப்பு விளைந்து, நாளைக்கு வாரலாம் என்றிருக்கும்போது தூறல் விழுந்தால், வானத்தைப் பார்த்து அவர் பேசும் பேச்சுக்கு அம்மா எங்கள் காதைப் பொத்துவார். அதே அம்மா அடுத்த நிமிடம் பெட்டியிலிருந்து துவைத்த வெள்ளை வேட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடுவார். நான்கு கம்பில் வேட்டியை இழுத்துக் கட்டி, நடுவில் கழுவிய கூழாங்கல் ஒன்றைப் போட்டு, கீழே குடத்தை வைத்துவிட்டால் போதும். துணி வழியாக இறங்கும் தண்ணீர் குடத்தை நிரப்பும். அந்தத் தண்ணீர்தான் எங்களுக்குக் குடிக்க.

சுற்றிலும் உள்ள கிணறு எல்லாம் உப்பு. போர் தண்ணீரில் டீ போட்டால் பால் திரியும். குழாய்த் தண்ணீர் வருகிற நாளில் வரும். அதனால் மழைத் தண்ணீருக்கு எங்கள் தெருவில் தனி மரியாதை. காய்ச்சல்காரருக்கு அதுதான். வந்த விருந்தாளிக்கு முதல் டம்ளர் அதுதான். கோயிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால், ஒரு குடம் எங்கள் வீட்டிலிருந்து போகும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் வாங்க மறந்துவிட்டால், எலக்ட்ரீஷியனே "மழைத்தண்ணி இருந்தா குடுங்க" என்பார். பருவத்தின் முதல் இரண்டு மழையை மட்டும் அம்மா பிடிக்கவிட மாட்டார். அதில் தூசியும் உப்புக் காற்றும் இருக்கும், கொட்டிப் போகட்டும் என்பார். மூன்றாவது மழையிலிருந்து ஜாடி நிரம்பத் தொடங்கும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் செய்த தப்பை வேறு ஊர்க்காரி செய்திருக்க மாட்டாள். பாலாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவளாக இருந்தால், மழைத் தண்ணீர்ப் பக்கம் கை போயிருக்காது.

அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். அண்ணன் குடும்பம் சென்னையில். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கான காரணங்கள் ஊருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. வேதியியலில் எம்.எஸ்ஸி முடித்துவிட்டு, பத்து இடத்தில் ஆறு மாதம், எட்டு மாதம் என்று வேலை பார்த்து, கடைசியில் புதுச்சேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டன்டாகச் சேர்ந்தேன். காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவேன். சாயங்காலம் அதே சாலையில் திரும்புவேன். இடையில் நான் பேசுவது கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும் அளவுதான். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். தனியாக இருப்பதில் எனக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான். ஒரு சாமானைக்கூட இடம் மாற்றி வைக்க ஆள் இல்லை.

அந்த ஆய்வகத்தில்தான் கிளியனூர் அக்கா இருந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கிளியனூரில் விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. நாற்பதைத் தாண்டிய பிறகு ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியே தீருவது என்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். லீவு முடிவதற்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் திரும்பிப் போய்ப் பாடம் நடத்த வேண்டியதுதான், மறுபடி லீவு கிடையாது. முதல் நாளே என்னிடம் இதைச் சொல்லிவிட்டார். அவர் எதையும் உள்ளே வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

அவர் ஆராய்ச்சி கடல் மண்ணைப் பற்றியது. கப்பலில் போய், நடுக்கடலில் குழாய் இறக்கி, அடியிலிருந்து எடுத்த மண். மேலே இருப்பது நேற்று படிந்தது, கீழே போகப் போக லட்சக்கணக்கான வருடத்துக்கு முன்னால் படிந்தது. அதில் பெரிலியம் பத்து என்று ஒன்றைத் தேடினோம். எனக்குப் புரியவைக்க அவர் ஒரு பழைய பேப்பரின் ஓரத்தில் படம் போட்டுக் காட்டினார்.

"மேல எங்கியோ நட்சத்திரம் வெடிச்சு வர்ற கதிர் இருக்குது பாரு, அது நம்ம காத்துல வந்து மோதும். மோதுனா காத்துல இருக்கிற அணு ஒடையும். ஒடைஞ்ச துண்டுதான் இந்தப் பெரிலியம். அது தூசியில ஒட்டிக்கினு, மழையோட கீழ எறங்கி, கடலுக்குப் போயி, அடியில படிஞ்சுடும். எந்தக் காலத்துல கதிர் அதிகமா வந்துச்சோ, அந்தக் காலத்து மண்ணுல இது அதிகமா இருக்கும். அவ்ளோதான்."

பூமியின் காந்தம்தான் அந்தக் கதிருக்குக் குடை. காந்தம் பலவீனமான காலத்தில் குடை சுருங்கும், கதிர் நிறைய வரும். அப்படி ஒரு காலம் தன் மண்ணில் பதிவாகியிருக்கிறதா என்பதுதான் அவர் தேடியது. மண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் மறக்காது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மழையோடு கீழே இறங்கும் என்று அவர் சொன்னதையும் நான் நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டு வைத்தேன். அந்தக் கோடு இப்போதும் இருக்கிறது.

என் வேலை அந்த மண்ணைக் கரைத்து, இரும்பு, அலுமினியம் எல்லாவற்றையும் பிரித்து, பெரிலியத்தை மட்டும் தனியாக எடுப்பது. கடைசியில் அது சோதனைக் குழாயின் அடியில் வெள்ளையாகக் கஞ்சி ஆடை அளவுக்கு நிற்கும். அதைச் சுத்தமான தண்ணீரில் மூன்று முறை கழுவி, சூடாக்கினால் கடுகில் பாதி அளவு வெள்ளைப் பொடி. அதை வடக்கே ஒரு பெரிய மிஷின் இருக்கிற இடத்துக்கு அனுப்புவோம். அவர்கள் அணுவை எண்ணி எழுதி அனுப்புவார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மண்ணே போடாமல், மற்ற எல்லாவற்றையும் போட்டு, ஒரு வெற்றுச் சாம்பிளும் செய்வோம். அதில் எண்ணிக்கை வந்தால், எங்கள் கையிலோ தண்ணீரிலோ அழுக்கு என்று அர்த்தம். நான் செய்த வெற்றுச் சாம்பிள் எப்போதும் சுத்தமாகத்தான் வரும். அக்கா அதைச் சொல்லி எல்லாரிடமும் பெருமை பேசுவார். ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் செய்வதற்கு இந்த உலகத்தில் எனக்குப் பாராட்டு கிடைத்தது அங்கே மட்டும்தான்.

மதியம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். நான் அகல வாய் வைத்த ஒரு லிட்டர் பாட்டிலில் மழைத் தண்ணீர் கொண்டுபோவேன், எனக்கு வெளித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. ஒரு நாள் அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, இனிக்குது!" என்றார். அன்றிலிருந்து அவர் தன் பாட்டிலைக் கொண்டுவருவதை விட்டுவிட்டார். மீதித் தண்ணீரோடு என் பாட்டிலைச் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். மறுநாள் அது மல்லாட்டையோடு திரும்பி வரும். அவர்கள் நிலத்தில் விளைந்த வேர்க்கடலை, வேகவைத்தது. சில நாள் கொய்யாப் பிஞ்சு, சில நாள் வெல்லம் போட்ட அவல். எங்கள் பக்கமும் அப்படித்தான், அடுத்தவர் பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டோம். நான்கு பச்சை மிளகாயாவது போட்டுத்தான் கொடுப்போம். எனக்குத் திருப்பிக் கொடுக்க ஆள் கிடைத்தது ரொம்ப வருடத்துக்குப் பிறகு அப்போதுதான். நான் இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டேன், ஒன்று போகும், ஒன்று வரும்.

ஒரு கார்த்திகையில் புயல் வந்தது. மூன்று நாள் மழை. உப்பளம் முழுவதும் ஏரியாகி, பாத்தி எது வரப்பு எது என்று தெரியவில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை. எனக்குச் செய்ய இருந்த ஒரே வேலை வேட்டி கட்டுவதுதான். அம்மா இருந்திருந்தால்கூட அப்படி ஒரு தண்ணீர் பிடித்திருக்க மாட்டார். மூன்று ஜாடியும் நிரம்பி, அண்டாவும் நிரம்பியது. துணியில் ஒரு துகள் அழுக்கு இல்லை. அக்காவுக்கு என்று ஐந்து லிட்டர் கேன் ஒன்றை நிரப்பி மூடி வைத்தேன்.

நான்காவது நாள் மழை விட்டது. எனக்கு ஆய்வகத்து நினைப்பு வந்துவிட்டது. கடைசி எட்டுச் சாம்பிள், கடல் மண்ணின் ஆழத்திலிருந்து எடுத்த எட்டு அடுக்கு, வெள்ளைக் கஞ்சியாகக் காத்துக்கொண்டிருந்தன. அதே தொகுதியின் மற்ற சாம்பிள்களும் வெற்றுச் சாம்பிளும் புயலுக்கு முன்பே முடிந்திருந்தன. மறுநாள் பார்சல் கிளம்பியாக வேண்டும். கிளம்பாவிட்டால் வடக்கே எங்களுக்கு ஒதுக்கிய முறை போய்விடும். அடுத்த முறை எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது, அக்காவின் லீவு அதுவரை தாங்காது. கிளியனூர்ப் பக்கம் ரோட்டில் தண்ணீர் என்று பேசிக்கொண்டார்கள். அவரால் வர முடியாது. நான்தான் போக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

பஸ் ஓடவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு கூனிமேடு வரைக்கும் ஷேர் ஆட்டோவில் போனேன். அங்கிருந்து ஐஸ் ஏற்றப் போன ஒரு மீன் வண்டிக்காரர், "ஏறுங்கம்மா, ஆனா நாறும், பரவால்லியா?" என்று கேட்டு ஏற்றிக்கொண்டார். நாறத்தான் செய்தது. ஆய்வகத்தில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். ஜெனரேட்டரில் சோதனைக் குழாய்களைச் சுழற்றும் மிஷின் ஓடும், சின்ன அடுப்பு எரியும். ஆனால் குழாயில் தண்ணீரே வரவில்லை. தண்ணீர் வராமல் தண்ணீர் வடிக்கும் மிஷினை வைத்து என்ன செய்வது? இருந்த டிஸ்டில்ட் வாட்டரைப் புயலுக்கு முன்பே கழுவித் தீர்த்திருந்தோம். கடை எல்லாம் மூடியிருந்தது.

எட்டுச் சோதனைக் குழாயையும் பார்த்தேன். கேனைப் பார்த்தேன்.

யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்கவே இல்லை. ஒரு டம்ளரில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை. உப்பளத்து மேஸ்திரி மகளுக்கு அதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்? எங்களுக்கு அழுக்கு என்றால் உப்பு, சுத்தம் என்றால் உப்பில்லாதது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் தண்ணீர். நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்த மழை வேறு, எங்கள் வீட்டு வேட்டியில் இறங்கிய மழை வேறு என்று எனக்குள் யார் பிரித்து வைத்தார்களோ தெரியவில்லை. இரண்டும் ஒன்று என்று தோன்றவே இல்லை.

மூன்று முறை கழுவினால் போதும். நான் பத்து முறை கழுவினேன். அக்கா வேலை, சுத்தமாக இருக்கட்டும், தண்ணீருக்கா பஞ்சம் என்று தாராளமாக ஊற்றினேன். ஐந்து லிட்டரும் தீர்ந்தது. நோட்டில் தண்ணீரைப் பற்றி எதுவும் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, அதில் எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். மறுநாள் பார்சல் கிளம்பியது. அக்கா ஒரு வாரம் கழித்து வந்து, நான் மீன் வண்டியில் வந்த கதையைக் கேட்டு, என்னைக் கட்டிக்கொண்டார். "நீ இல்லன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்" என்றார். அவருக்குக் கொண்டுவந்த மழைத் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது, "வழியில கொட்டிடுச்சுக்கா" என்றேன். சாம்பிளுக்குச் செலவு செய்துவிட்டேன் என்று சொல்ல என்னவோ கூச்சமாக இருந்தது. என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு வார்த்தையை அந்தக் கூச்சத்தில் விழுங்கினேன்.

மாசி மாதம் முடிவு வந்தது. அக்கா கம்ப்யூட்டரில் புள்ளிகளை இணைத்துக் கோடு வரைந்தார். மேலிருந்து கீழே போகப் போகக் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. அது அப்படித்தான் இருக்கும். பெரிலியம் பத்து பதினான்கு லட்சம் வருடத்துக்கு ஒரு முறை பாதியாகிவிடும், பழைய மண்ணில் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆனால் அடியில், கடைசி எட்டு இடத்தில், கோடு சட்டென்று தூக்கிக்கொண்டு நின்றது. எட்டும் சேர்ந்து. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வெற்றுச் சாம்பிளின் எண்ணைப் பார்த்தார், சுத்தம். மறுபடி கோட்டைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"கெடச்சுடுச்சுடீ" என்றார். என்னை 'டீ' போட்டு அழைத்ததும் அன்றுதான்.

அன்று மதியம் ஸ்வீட் வாங்கிவந்தார். சாப்பிட்டு முடித்து, என் பாட்டிலை எடுத்துத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். "இந்தத் தண்ணியிலயும் இருக்கும் பாரு, நம்ம பெரிலியம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கடகடவென்று குடித்தார்.

கையிலிருந்த லட்டைக் கீழே வைத்துவிட்டேன். அக்கா பேசிக்கொண்டே போனார், எதுவும் காதில் விழவில்லை. மழையில் இருக்கும். மழையில்தான் இருக்கும். அந்தக் கஞ்சி ஆடை, பத்து முறை, ஐந்து லிட்டரில் இருந்ததை எல்லாம் பிடித்து ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். ஆழத்து மண்ணில் மிஞ்சியிருந்ததே சொற்பம். எங்களுக்குக் கிடைத்த மண்ணும் ஒவ்வொரு அடுக்குக்கும் அரை ஸ்பூன்தான். அதற்கு மேல் என் வீட்டுக் கொல்லையில் பிடித்த மழை ஏறி உட்கார்ந்திருக்கிறது. அக்கா பார்த்து அழுதது பூமியின் காந்தம் சரிந்த காலம் இல்லை, மரக்காணத்தில் போன கார்த்திகை.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம், என் வாழ்க்கையிலேயே நான் நிறையப் பேசிச் சிரித்த இரண்டு மாதம். அக்கா கட்டுரை எழுதினார், ஒவ்வொரு பக்கத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். பாட்டில் மல்லாட்டையோடு வந்துகொண்டிருந்தது. சொன்னால் இது எல்லாம் போகும். சொல்லாவிட்டால், அவர் பெயரைப் போட்டு ஒரு பொய் அச்சில் ஏறும். வேறு யாராவது அதை நம்பி, அதே காலத்து மண்ணைத் தோண்டி, ஒன்றும் கிடைக்காமல் ஒரு நாள் அவரைக் கேட்பார்கள். பஸ்ஸில் போகும்போது சொல்லிவிடலாம் என்று இருப்பேன், பெரிய முதலியார்சாவடி வரும்போது தைரியம் வரும், இறங்கும்போது போய்விடும்.

தவக்காலம் வந்தது. பெரிய வெள்ளிக்கு முன் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது, கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், ஞாயிறு பூசைக்கு இரண்டு வாரம் வரவில்லை என்று வழக்கமான பட்டியலைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பெரிலியத்தை அந்த ஜன்னல் வழியாகச் சாமியாருக்கு எப்படி விளக்குவது? விளக்கினாலும், மன்னிக்க வேண்டியவர் கிளியனூரில் இருந்தார்.

ஈஸ்டர் முடிந்த ஞாயிறு அக்கா ஸ்கூட்டரில் மரக்காணம் வந்தார். உப்பு வாருவதைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் வரப்பில் நடந்தோம். பாத்திகளில் ஆட்கள் பலகையால் உப்பை இழுத்து ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தார்கள். புயலுக்குப் பிறகு தரையை மிதித்துச் சரிசெய்து, உப்பு மறுபடி நன்றாகவே விளைந்திருந்தது. அக்கா எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார். பிறகு கையை நீட்டி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒன்று எடுத்தார்.

"கட்டுரையை அடுத்த வாரம் அனுப்பறோம்" என்றார். "உன் பேரு ரெண்டாவது. கைடு சார்கிட்ட சொல்லிட்டேன். மீன் வண்டியில வந்தவ பேரு இல்லாம எப்படி?"

ரேஷன் கார்டுக்குப் பிறகு என் பெயர் அச்சில் வருவது அதுதான் முதலாக இருந்திருக்கும். அதைக் கேட்ட பிறகு என்னால் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை.

"அக்கா, அந்த எட்டும் நான் மழைத்தண்ணியில கழுவுனதுங்க."

அவர் சிரித்தார். "இன்னா சொல்ற?"

"புயலப்போ டிஸ்டில்ட் வாட்டர் இல்ல. உங்களுக்குன்னு கொண்டாந்த கேன் இருந்துச்சு. அதுல கழுவிட்டேன். வழியில கொட்டல."

சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. அதை எடுக்க மறந்துவிட்டவர் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி வாட்டி?"

"பத்து வாட்டி."

"பத்தா? மூணு போதும்னு நான்தான சொல்லிக் குடுத்தேன்."

"சுத்தமா இருக்கட்டும்னுதாங்க்கா."

அவர் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். புடவையில் உப்புச் சேறு பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"நீங்க தண்ணி குடிச்சிக்கினே சொன்னீங்களே, இதுலயும் இருக்கும்னு. அப்போ."

"ரெண்டு மாசம் ஆவுது."

"ஆமாங்க."

"அந்த அடுக்குல மண்ணும் மிச்சம் இல்ல."

"இல்லீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "அப்பவே சொல்லியிருக்கணும். இல்லன்னா சொல்லாமலே இருந்திருக்கணும். இப்போ எதுக்குச் சொன்ன?" என்று கேட்டார்.

உங்களை ஏமாற்றிக்கொண்டே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான், அதனால் இரண்டு மாதம் சொல்லவில்லை, அதனாலேயே இன்று சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். இப்போது எழுதும்போது வரிசையாக வருகிறது. அன்று "தெரியலக்கா" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் புயல் தண்ணி இன்னும் இருக்குதா?"

"இருக்குதுங்க. ஒரு ஜாடி பிரிக்கவே இல்ல."

"ஒரு பாட்டில் குடு."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கேட்டுவிட்டாரே, குடிக்கக் கேட்டுவிட்டாரே என்று உள்ளே ஓடினேன். அகல வாய்ப் பாட்டிலைக் கழுவி நிரப்பினேன். விருந்தாளிக்கு எடுக்கும் எவர்சில்வர் டம்ளரைத் தேய்த்துத் துடைத்து, அதிலும் விளிம்புவரை ஊற்றி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா பாட்டிலை மட்டும் வாங்கினார். கைப்பையிலிருந்து டேப்பும் மார்க்கரும் எடுத்தார். டேப்பை ஒட்டி, அதன் மேல் ஊர், மழை, மாதம் என்று சாம்பிளுக்கு எழுதுவது போல எழுதினார். மூடியை இன்னொரு முறை இறுக்கினார். ஸ்கூட்டர் டிக்கியில் நிமிர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினார். டம்ளர் என் கையிலேயே இருந்தது.

அதன் பிறகு மதியம் அவர் நூலகத்தில் சாப்பிட்டார். என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. தண்ணீர் மாறிவிட்டது, பொறுப்பு தன்னுடையது என்று கைடு சாரிடம் சொன்னதாக வேறு ஒருவர் மூலம் தெரிந்தது. திட்டியிருந்தால் நானும் அழுது சண்டை போட்டிருப்பேன், எங்கேயாவது ஒரு இடத்தில் அது முடிந்திருக்கும். அவர் மரியாதையாகப் பேசினார். "அந்த ரேக்கை எடுங்கம்மா" என்று 'ங்க' போட்டுப் பேசினார்.

அந்தப் பாட்டில் தண்ணீரை வேறு ஒருவர் முறையோடு சேர்த்து வடக்கே அனுப்பியிருந்தார். ஆடியில் ஒரு நாள் போன் செய்தார். "ரிசல்ட் வந்துடுச்சு. உங்க தண்ணிதான்."

"முழுசுமாங்க்கா?"

"முழுசும். எட்டும் போச்சு. வச்சுடறேன்."

லீவு முடிந்து அவர் பள்ளிக்குத் திரும்பினார். எட்டையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை வைத்து ஆய்வேட்டை எழுதிக்கொடுத்துப் பட்டமும் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கட்டுரை வரவில்லை. கண்டுபிடிப்பு என்று அதில் ஒன்றும் இல்லை. ப்ராஜெக்ட் முடிந்து நானும் ஊரோடு வந்துவிட்டேன். இப்போது மரக்காணத்திலேயே ஒரு சின்ன லேபில் உப்பில் அயோடின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பஸ்கூட இல்லை, நடந்துபோகிற தூரம். கண்டக்டரிடம் பேசுவதும் நின்றுபோனது.

சொன்னதற்கு வருத்தமில்லை என்று எழுத ஆசைதான். பொய் எதற்கு? வருத்தப்படாத நாளும் உண்டு, வருத்தப்படும் நாளும் உண்டு. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்று எனக்கு ஒரு அக்கா இருந்திருப்பார் என்று சாப்பிட உட்காரும்போது தோன்றும். கை கழுவும்போது அந்த நினைப்பு எனக்கே பிடிக்காமல் போகும்.

போன வருடம் ஒரு கூரியர் வந்தது. உள்ளே அவருடைய ஆய்வேடு. முதலில் நன்றி சொல்லும் பக்கத்தைப் புரட்டினேன், வெட்கமில்லாமல். வீட்டுக்காரர், பிள்ளைகள், சார், ஆய்வகத்தில் உதவிய அனைவரும். அந்த அனைவரில் நான் இருந்தேன் போலும். பிறகு அந்தக் கோட்டைத் தேடினேன். மேலிருந்து இறங்கிக்கொண்டே வந்து, அடியில் எட்டு இடம் காலியாக நின்றது. படத்தின் ஓரத்தில், எந்தக் கோட்டோடும் சேராமல், ஒரே ஒரு புள்ளி தனியாக இருந்தது. அதன் பக்கத்தில் மரக்காணம் மழைநீர் என்று போட்டிருந்தது. என் வீட்டுக் கொல்லை அது. அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கூரியர் பெட்டியின் அடியில், பேப்பர் சுற்றி, அந்தப் பாட்டில் இருந்தது. டேப்பில் அவர் எழுத்து அப்படியே. மூடியைத் திறந்தேன். கவிழ்த்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தேன். ஒரு மல்லாட்டைத் தோல்கூட இல்லை. ஆசிட்டில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, தூசி படாமல் கவிழ்த்து உலர்த்திய பாட்டில். அப்படிக் கழுவ எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். கேட்க யாரும் இல்லாத வீட்டில் அந்த ஒரு வசதி உண்டு.

இந்த வருடமும் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டேன். மூன்றாவது மழைக்கு வேட்டியைக் கட்டி, கல்லைப் போட்டேன். ஜாடிகளை வெளியே எடுக்கவில்லை. துணிக்குக் கீழே டேப் ஒட்டிய அந்தப் பாட்டிலை வைத்தேன். சீக்கிரமே நிரம்பிவிட்டது. வேட்டியை அவிழ்த்துப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். ஒருத்தி குடிக்க அது போதும்.